நிரோஜனின் கொமிசன்

நோர்வேயிலிருந்து கொழும்புக்கு விடுமுறையில் வந்த கம்சிகாவும் கணவன் தனுஜனும், ஒரு இரவு கண்டியில் தங்குவதா காலியில் தங்குவதா என்று இழுபறிப்பட்டார்கள்.

"யாழ்ப்பாணம் தாண்டி நெடுந்தீவுக்குப் போங்கோ அக்கா," என்றான் ஹோட்டல் வரவேற்பில் நின்ற நிரோஜன். "தங்க நல்ல வீடு ஒண்டு இருக்கு."

"அவ்வளவு தூரம் ஏன் அனுப்புறான்? கொமிசன்தான்," தனுஜன் முணுமுணுத்தான்.

ஆனாலும் போனார்கள். கல்வேலிகள், காற்றோடு ஓடும் குதிரைகள், கணவாய்க் கறி... கம்சிகா படம் எடுத்து ஓயவில்லை. நிரோஜன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

காலையில் வீட்டுக்கார அம்மா பனங்காய்ப் பணியாரப் பொதி ஒன்றை நீட்டினார்.

"இதை நிரோஜனிட்டக் குடுத்துவிடுங்கோ."

"அவரைத் தெரியுமோ?"

"பெத்த எனக்குத் தெரியாதே? லீவு கிடைக்காட்டி இப்பிடித்தான் ஆக்களை அனுப்பிவிடுவான்."

படகில் கம்சிகா பொதியைத் தனுஜனின் மடியில் வைத்தாள்.

"கவனமாப் பிடியுங்கோ. நிரோஜன்ர கொமிசன்."