கணவாய் ஏறாத வண்டி

"ஏறலடா! போன வாரம் நீ பார்த்த லட்சணம் இதுதானா?"

பிக்கப் வண்டியின் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினார் ஆர்வில். எண்பதை நெருங்கும் ஆட்டுப் பண்ணைக்காரர். வண்டிக்கும் அவருக்கும் உடம்பு போய்விட்டது. அவர் குரல் மட்டும் போகவில்லை.

பட்டறைக்காரன் கிளேட்டன் காலையிலிருந்து ஒரு டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்துவிட்டு அப்போதுதான் எழுந்திருந்தான். கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்ன பண்ணுது?"

"மிதிச்சா திக்குது. போகவா வேணாமான்னு யோசிக்குது. சமதரையில பரவாயில்ல. மேடுன்னா இழுவையே இல்ல. கணவாய்ல பாதிகூடப் போகல, திரும்பிட்டேன்."

வண்டிக்குள் அவர் மனைவி நெட்டி கழுத்துவரை கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பெட்டி. கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு முதியோர் இல்லம். அங்கே அவளுக்குக் கட்டில் ஒதுக்கியிருந்தார்கள். போன வாரமே போயிருக்க வேண்டியது. அன்றைக்கும் வண்டி படுத்துவிட்டது.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா கட்டிலை வேற ஆளுக்குக் கொடுத்துடுவானாம். உன்னை நம்பினா இவளை முதுகுல கட்டிக்கிட்டுத்தான் நான் மலை ஏறணும்."

"என் வண்டியில கொண்டு விடட்டுமா பெரியவரே?"

"அடுத்தவன் வண்டியில என் பொண்டாட்டி எதுக்குடா போகணும்? உன் வேலையைப் பாரு."

கிளேட்டனுக்கு எரிச்சலாக வந்தது. தன்னோடு சேர்ந்தே கிழடு தட்டியவளைத் தள்ளிவிட மனுஷனுக்கு இவ்வளவு அவசரமா?

பட்டறைக்கு வந்தவரைக் காப்பி கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. ஒரு கோப்பையை நெட்டியிடம் நீட்டினான்.

"அவரு வரட்டும்பா. அப்புறம் குடிக்கிறேன்."

காப்பி குடிக்கக்கூட அந்த ஆளிடம் உத்தரவு வாங்க வேண்டும்போல. கோப்பையை வண்டிக்குள் அவள் எதிரே டாஷ்போர்டில் வைத்துவிட்டு என்ஜின் மூடியைத் தூக்கினான்.

போன வாரம் ஒரு பிளக் வயர் கழன்றிருந்தது. ஜல்லிச் சாலையில் குலுங்கிக் கழன்றிருக்கும் என்று மாட்டி அனுப்பினான். இப்போது வயரெல்லாம் இறுக்கமாக இருந்தன. பெட்ரோல் பில்டர் சுத்தம். ஒரு பிளக்கைக் கழற்றினான். கரி அப்பிக் கிடந்தது. என்ஜினை முடுக்கினான். திக்கி, இருமி, பின்னால் கறுப்பாகப் புகை தள்ளியது.

"பெட்ரோல் வருது. காத்துதான் பத்தல."

"எலியா இருக்கும்," என்றார் ஆர்வில்.

கிளேட்டன் அப்போதுதான் ஏர் பில்டர் மூடியில் கை வைத்தான். காது வைத்த நட்டைத் திருகி மூடியைத் தூக்கினான். உள்ளே காற்று வரும் வழியை அடைத்துக்கொண்டு ஒரு கூடு. காய்ந்த புல், ஆட்டு ரோமம், சிவப்புக் கட்டம் போட்ட துணித் துண்டுகள்.

"நான் சொல்லல? கொட்டகை பூரா எலி. மூணு பூனை வளர்க்கிறேன், மூணும் தின்னுட்டுத் தூங்குதுங்க. சரி, இதைச் சுத்தம் பண்ண நேரமாகும். நீ என்ன, எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுத்தானே பார்ப்ப? நான் போன் பண்ணி இன்னிக்கு வர முடியாதுன்னு சொல்லிடறேன்."

"ரெண்டு நிமிஷம் போதும் பெரிய..."

ஆர்வில் அதற்குள் பட்டறையின் உள் அறைக்குப் போய்விட்டார்.

கிளேட்டன் கூட்டை வெளியே எடுத்தான். அந்த ஊர் வண்டிகளில் எலிக்கூட்டைப் பார்ப்பது அவனுக்குப் புதிதில்லை. எலி குடியிருந்தால் மூத்திர நாற்றம் குடலைப் பிடுங்கும். இதில் நாற்றமே இல்லை. ஒரு புழுக்கைகூட இல்லை. துணித் துண்டு ஒன்றை விரித்துப் பார்த்தான். எலி கடித்தால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இது கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது. கத்தரிக்கோல்.

அந்த வயரும் தானாகக் கழன்றதில்லை என்று இப்போது உறைத்தது.

அவன் நெட்டியைப் பார்த்தான். இந்த வயசில் வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் பாவம், யார்தான் என்ன செய்வார்கள்? துண்டைக் கையில் மறைத்துக்கொண்டு போய், ஜன்னல் பக்கம் குனிந்து அவளுக்கு மட்டும் தெரிய விரித்துக் காட்டினான்.

"அம்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் போக இஷ்டமில்லேன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. கூட்டை எடுத்த இடத்துலயே வெச்சு மூடிடறேன். வண்டி ஏறாதுன்னு நானே அவர்கிட்ட அடிச்சுச் சொல்றேன். அந்த ஆளுக்குப் பயந்துக்காதீங்க."

நெட்டி அந்தத் துணியைப் பார்த்தாள். கம்பளிக்குள்ளிருந்து தன் கைகளை மெல்ல வெளியே எடுத்தாள். பத்து விரலும் முறுக்கிக்கொண்டு, வேர்போல மடங்கி இறுகிக் கிடந்தன.

"இந்தக் கையாலயா கிளேட்டன்? எனக்குத் தலை வாரிவிடறது, பொத்தான் போட்டுவிடறது, காப்பிக் கோப்பையை வாயில வைக்கிறது எல்லாம் அவருதான். முடியாம போய் எங்கயாவது விழுந்து வைக்கப் போறாரேன்னு, அந்தக் கட்டிலைக் கேட்டு வாங்கினதே நான்தான்."

உள் அறையிலிருந்து ஆர்வில் போனில் கத்துவது கேட்டது. "இன்னிக்கும் முடியாது சார்! எலி! எலிங்கறேன்!"

நெட்டிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை.

"நீ சொன்ன மாதிரியே திரும்ப வெச்சு மூடிடுப்பா. நான் தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டு, காலையில தன் நல்ல சட்டையை எடுத்து உக்காந்து உக்காந்து வெட்டினார்."