சுருதி சேராத குரல்

ஆராதனை முடிந்த ஆலயத்தில் மெழுகுவர்த்திப் புகை இன்னும் சுழல்கிறது. கணவர் பக்கத்தில் நிற்க, ஆர்கன் முன் உட்கார்ந்திருக்கும் மனைவி, நடுங்கும் விரல்களை மடியில் பொத்திக்கொள்கிறாள். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அக்கா வாசிப்பையே உங்க குரல் கெடுக்குது. இனிமே பாட வேணாம்," என்கிறார் பாடகர் குழுத் தலைவர். "வயசாச்சுல்ல தம்பி, சுருதி நிக்க மாட்டேங்குது," என்று கணவர் அசடு வழிகிறார். தன் விரல் பிசகும் இடமெல்லாம் அவர் வேண்டுமென்றே உரக்கப் பிசகிப் பாடியது அவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது. வாசலை நெருங்கும் தலைவரை, "தம்பி, நில்லுங்க! தப்பு பண்ணினது..." என்று கூப்பிடுகிறாள். கணவர் முழங்கையை ஆர்கன் கட்டைகள் மேல் ஊன்றுகிறார். ஆர்கன் அலறி அவள் குரலை விழுங்குகிறது. தலைவர் திரும்பி, கணவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்.