பன்னிரண்டு காட்டிய மீட்டர்

டீசல் ஹீட்டர் எரியாவிட்டால் இன்றே படகைவிட்டு இறங்கித் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று தமையன் குலேந்திரன் சொல்லியிருந்தான். கணவனை விட்டு வந்த வதனி இரண்டு வருடமாக அந்தப் படகில்தான் குடியிருந்தாள். வெளியே துறைமுகத் தண்ணீர் உறையத் தொடங்கியிருந்தது.

குலேந்திரன் ஹீட்டரின் வயரில் மீட்டரை வைத்துப் பார்த்தான். “பன்னிரண்டு வோல்ட் காட்டுது. கரண்டில பிழையில்லை. ஹீட்டர்தான் செத்துப்போச்சு. உடுப்புகளை எடுத்துக்கொண்டு வா.”

“சும்மா இருக்கேக்க எல்லாம் பன்னிரண்டுதான் அண்ணா காட்டும். ஹீட்டரைப் போட்டு வேலை குடுத்துப் பாருங்கோ.”

“ஓ, பெரிய இஞ்சினியர்!”

வதனி சுவிட்சைப் போட்டாள். பற்றவைக்கும் கம்பி சூடேறத் தொடங்கியதும் மீட்டர் எட்டுக்கு விழுந்தது. ஹீட்டர் நின்றுவிட்டது. வழியில் எங்கோ கரண்ட் தடைப்படுகிறது என்று பேட்டரியிலிருந்து வயரைத் தடவிக்கொண்டே வந்து ஃபியூஸைக் கழற்றினாள். அதன் கால்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கத்திமுனையால் சுரண்டினாள்.

“உன்ர மனுசனும் எங்கட வீட்ட வந்திருக்கிறார்,” என்றான் குலேந்திரன். “உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் காத்திருக்கிறார்.”

“இருக்கட்டும்.”

ஃபியூஸைச் செருகி மறுபடி சுவிட்சைப் போட்டாள். மீட்டர் பதினொன்றரைக்குக் கீழே இறங்கவில்லை. ஹீட்டர் பற்றிக்கொள்ள மூன்று நிமிடமாவது ஆகும். வதனி போட்டிருந்த குளிர்ச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.