ஓர் உம்மை

அந்த வட்டாரத்தை உறங்கவிடாத வண்டிகள் அனைத்தும் பிறந்த இடம் அந்தப் பட்டறைதான். ஓசையை அடக்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட சைலன்சரை, ஓசையைப் பெருக்குவதற்காக அறுத்து ஒட்டித் தருவது அங்கே தொழில் எனப்பட்டது. வாசற்பலகை, ‘கேட்ட சத்தம் கிடைக்கும். உத்திரவாதம் உண்டு’ என்றது.

பழைய காரிலிருந்து இறங்கியவர் அந்த ‘உத்திரவாத’த்தைப் படித்ததும் பல்வலி கண்டவரைப்போல முகம் சுளித்தார். மூக்குக்கண்ணாடி, சட்டைப்பையில் நீலம் ஒன்றும் சிவப்பு ஒன்றுமாக இரண்டு பேனாக்கள்.

பட்டறைக்காரரைத் தெருவே ‘காது’ என்றுதான் அழைக்கும். கண்ணை மூடிக்கொண்டே, கடந்துபோகும் வண்டியின் வயதைச் சொல்லிவிடுவார்.

“வாங்க சார். சத்தம் வேணுமா, இழுவை வேணுமா? ரெண்டும் சேர்ந்து வராது. குழாயை அகலமாக்கினா நல்லா உறுமும். ஆனா மேட்டுல ஏறும்போது வண்டிக்கு மூச்சு வாங்கும்.”

“மூச்சு வாங்கினா வாங்கட்டும். எனக்கு இந்தச் சத்தம்தான் வேணும்.”

வந்தவர் கைப்பேசியை மேசைமீது வைத்து, பதிவு செய்திருந்த ஒலியை ஓடவிட்டார். அடித்தொண்டையில் எழுந்து, நடுவில் இரண்டு முறை இருமி, ‘உம்ம்ம்’ என்று நீண்டு அடங்கியது ஓர் உறுமல்.

மூலையில் பற்றவைத்துக்கொண்டிருந்த மைத்துனன் முகமூடியைத் தூக்கினான். “மாமா, இது துணிக்கிடங்கு முதலாளியோட வெளிநாட்டு வண்டிதானே? தினமும் இப்படித்தானே இருமிக்கிட்டுப் போகும்?”

“உன் வேலையைப் பாரு மாப்ள.” காது குனிந்து, வந்தவருடைய காரின் சைலன்சரை விரலால் தட்டிப் பார்த்தார். “உள்ளே மூணு அறை இருக்கு சார். உங்க வண்டியிலயும் நடு அறையை எடுத்தாத்தான் இந்த இருமல் வரும். அது சரி, எதுக்கு இதே சத்தம்?”

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். “கிடங்குக்குப் புதுசா வந்திருக்கிற காவலாளியும் வண்டியைப் பாக்கறதில்ல. சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துட்டு, குனிஞ்சு ஒரு கும்பிடு. வண்டி உள்ளே போற வரைக்கும் தலை நிமிராது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அள்ள வேண்டியதுதான்.”

மைத்துனன் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டான். “மாமா, அங்கே திருட்டுப் போச்சுன்னு பழைய காவலாளியைப் பிடிச்சுட்டுப் போய் நாப்பது நாள்தான் ஆகுது! அவரு சம்சாரம் இன்னும் கிடங்கு வாசல்ல நின்னு அழுதுட்டிருக்கு. இப்போ இந்தப் புது ஆளையும் மாட்டிவிடப் பாக்கறாரு இவரு!”

நாள்தோறும் மூன்று தெருக்களின் உறக்கத்தைத் திருடும் காதுக்கு, திருட்டு என்ற சொல்லைக் கேட்டதும் அறச்சினம் பொங்கிற்று.

“என்ன சார், ஆளைப் பாத்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க! இது நாணயமான பட்டறை. அந்த மாதிரி சத்தம் இதுவரைக்கும் ஒரு வண்டிக்கும் நான் செஞ்சு குடுத்ததில்ல, தெரிஞ்சுக்கோங்க. மாப்ள, போலீசுக்குப் போனைப் போடு!”

வந்தவர் ஓடவில்லை. கிடந்த டயரொன்றின்மீது கைக்குட்டையை விரித்து, அமைதியாக அமர்ந்தார்.

“போடுங்க தம்பி. வரட்டும்.”

“சும்மா மிரட்டத்தான் சொன்னேன், வை மாப்ள!”

“ரிங் போயிடுச்சு மாமா. பேசிட்டேன். வராங்களாம்.”

வந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “‘உங்க வண்டியில’ன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் பேசாம எழுந்து போயிருப்பேன். ‘உங்க வண்டியிலயும்’னீங்க. அந்த ‘உம்’ எந்த வண்டி?”

“அது... முதலாளி வண்டியைத்தான் சொன்னேன்.”

“அவரோட டிரைவரைக் கேட்டுட்டேன். அது கம்பெனியில வந்தபடியே இருக்கு. எந்தப் பட்டறைக்காரரும் கைவைக்கல.”

“பேச்சுவாக்குல வந்திருக்கும் சார்.”

“பேச்சுவாக்குல வராதுங்க. முன்னாடி ஒண்ணு இருந்தாத்தான் பின்னாடி ‘உம்’ வரும்.”

காது மேசையைப் பார்த்தார். சற்றுமுன் உறுமிய கைப்பேசியில், பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் சத்தம் விற்றவர் முதன்முறையாகச் சத்தத்தைக் குறைத்து, மைத்துனன் பக்கம் திரும்பினார்.

“நீ ஊர்ல இல்லாத வாரம் மாப்ள... கிடங்கு மேலாளர் தன் வண்டிக்குக் கேட்டாரு. விளையாட்டுக்குன்னுதான் சொன்னாரு. அப்புறம் விஷயம் தெரிஞ்சப்போ, வாயைத் திறந்தா நம்மளையும் சேர்த்துப் பிடிப்பாங்களேன்னு...”

“எந்த மேலாளர்? காவலாளிதான் திருடினாருன்னு புகார் குடுத்தாரே, அவரா?” என்றான் மைத்துனன்.

காது தலையை மட்டும் ஆட்டினார்.

காவல் வண்டி வந்து காதை ஏற்றிக்கொண்டது. கைப்பேசியை அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தவரால், வாசற்பலகையை அப்படியே விட்டுப்போக முடியவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, ‘உத்திரவாத’த்தில் ‘த’வின் தலையில் வேண்டாமல் ஏறி அதைத் ‘தி’ ஆக்கியிருந்த மேல்விலங்கை ஒரே கோட்டில் அடித்தார்.

அடுத்து அவர் நீக்கவேண்டிய விலங்கு, “முதலாளி வண்டிச் சத்தம் கேட்டுத்தான் கதவைத் திறந்தேன்” என்று நாற்பது நாளாகச் சொல்லியும் எவரும் நம்பாத பழைய காவலாளியின் கையில் இருந்தது. அச்சகத்தில் பிழை திருத்தும் அவருக்கு அந்தக் காவலாளி மாமனார்.