முன்னால் இருந்த மூன்று எழுத்து

‘லைப்ரரியைக் காணவில்லை.’

திரையில் மறுபடியும் அதே வரி. லைப்ரரி என்கிற அந்தத் துணைக் கோப்பு என் கண்ணெதிரே இருந்தது. புதுக் கணினியில் லினக்ஸ் ஏற்றியாகிவிட்டது, ஜாவாவும் இருக்கிறது, புரோகிராம் மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. நானோ கணக்கு வாத்தியார்.

முதுகுக்குப் பின்னால் மனைவியின் கீபோர்டு டக் டக்கென்றது.

"கொஞ்சம் சும்மா இரேம்மா! தலை வெடிக்குது."

டக் டக் நிற்கவில்லை.

அவள் தம்பியைப் போனில் பிடித்தேன். "மச்சான், கையெடுத்துக் கும்பிடறேன், எப்படியாவது ஓட வெச்சுக் குடுடா. பழைய கணினி போனதிலிருந்து வீட்ல பேச்சுமூச்சே இல்ல."

"அக்கா எழுதினதுதானே மாமா?"

"அவகிட்டக் கேக்க முடிஞ்சா உன்னை ஏன் கூப்பிடறேன்?"

"சரி, காப்பி பண்ணும்போது லைப்ரரி பேரை மாத்தினீங்களா?"

"முன்னாடி எல்-ஐ-பி, லிப்னு என்னமோ ஒட்டிக்கிட்டிருந்துச்சு. குப்பைன்னு எடுத்துட்டேன்."

"அய்யோ மாமா! லினக்ஸ்ல ஜாவா அந்த லிப்பைச் சேர்த்துத்தான் தேடும். திரும்பப் போடுங்க."

போட்டேன். ஓடியது.

நோய் தன் பேச்சைப் பறிக்கும் முன்பே அவள் எழுதிவைத்த புரோகிராம் அது. ஒற்றை விரலால் தட்டுவதை அவளுடைய பழைய குரலிலேயே சொல்லும். காலையிலிருந்து அவள் தட்டி, கீபோர்டின் நினைவகத்தில் தேங்கிக் கிடந்ததெல்லாம் வரிசையாக வெளியே வந்தது.

"பேர்ல லிப் இல்லை."

"லிப் போடுங்க."

"பேருக்கு முன்னாடிங்க, லிப்!"

கடைசியாக ஒன்று:

"நான் சொல்றதை என்னிக்குக் காது குடுத்துக் கேட்டிருக்கீங்க?"