ஏறக் கூடாத வள்ளம்

“சனிக்கிழமை விடியக் கொழும்பில ரயில் ஏறி, இந்த மலைக்குளிருக்குள்ள வந்தது இந்த போர்டை வாசிக்கவோ?” அருள்நாயகி கணவரிடம் சீறினாள்.

‘வள்ளங்கள் ஐரோப்பியருக்கு மட்டும்’ என்று ஏரிக்கரைப் பலகையில் இங்கிலீசில் எழுதியிருந்தது.

“ஏரியைப் பார்க்கத்தானே வந்தனாங்கள்” என்றார் பேர்னாட். ஆனால் அவர் ஏரியைப் பார்க்கவில்லை. ஆறு வள்ளங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வள்ளத்தில போகப்போறன் எண்டு கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லிப்போட்டன், அப்பா. எல்லாரும் சிரிக்கப் போகினம்.” எட்டு வயது மெற்றில்டா அழத் தொடங்கினாள்.

“கொஞ்சம் பொறு, மகள்.”

ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வள்ளத்தை விட்டு இறங்கிப் போனது. காவற்காரன் அதைக் கரைக்கு இழுத்து, உள்ளே தேங்கிய தண்ணீரை ஊற்றப் பக்கவாட்டில் சரித்தான்.

“அந்த இருக்கைப் பலகைக்கு அடியில பார். வாசி.”

உளியால் செதுக்கிய ஒரு சிறிய சிலுவை. அதன் பக்கத்தில் தமிழ் எழுத்துகள். அவள் எழுத்துக்கூட்டினாள்.

“மெற்... றில்... டா!”

“பேர் வெட்டாமல் நான் ஒரு வள்ளத்தையும் மட்டக்குளிப் பட்டறையை விட்டு அனுப்பினதில்லை. இது நீ பிறந்த வருசம் செய்தது. இந்த ஏரியில ஓடுறதை நானும் இண்டைக்குத்தான் பார்க்கிறன்.”

அருள்நாயகி மகளின் பேரைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“கிட்ட வராதீங்க! தொரைமாரு வள்ளம்!” காவற்காரன் கத்தினான்.

மெற்றில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாள்.

“பயப்படாதேங்கோ, நான் ஏற வரேல்லை. எட்டு வருசமாய் அதிலதான் போய்க்கொண்டிருக்கிறன்.”