ஒத்தக்கால் வண்டி

“கம்பெனி பஸ்சு வாசலாண்ட வந்து நின்னு ஏத்திக்கினு போவுது. அப்புறம் அவனுக்கு எதுக்குடி காரு?”

“என் தம்பி சம்பாதிக்கிறான், வாங்கறான். உனுக்கு ஏன்யா எரியுது?”

“எனக்கு இன்னாத்துக்கு எரியணும்? என் வேனைத் தொடச்சிக்கினு இருந்தவன்...”

“அதத்தான்யா நானும் சொல்றேன். தொடச்சவன்தான் இன்னிக்கு வாங்கறான். அப்பவும் மாமா வந்து பாத்து சரின்னு சொன்னாதான் வாங்குவேன்றான். போய்ட்டுதான் வாயேன், கால் தேஞ்சா பூடும்?”

சொன்ன பிறகு ரேணுகாம்பாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். குப்புசாமி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கால் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பட்டுக்கடை வேனைப் பல வருஷம் ஓட்டியவன் குப்புசாமி. ஒரு விபத்துக்குப் பிறகு இடது முழங்கால் மடங்க மாட்டேன் என்றது, க்ளட்சை மிதிக்க முடியாமல் போயிற்று. இப்போது அதே கடை வாசலில் நின்று, வருகிற வண்டிகளுக்கு விசில் ஊதி இடம் காட்டுகிறான்.

பொன்னேரிக்கரை ஷோரூம் வாசலில் ராஜவேலு காத்திருந்தான். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. அந்த அட்டை வேறு குப்புசாமியின் கண்ணைக் குத்தியது.

“இதான் மாமா. எஸ்யூவின்றாங்க, சின்ன சைஸ்ல.”

குட்டி ஜீப் மாதிரி உயரமாக, வெள்ளைவெளேரென்று நின்றது வண்டி. மூக்கில் இருந்த பெயரைப் படித்ததும் குப்புசாமிக்குத் தெம்பு வந்தது.

“இந்தக் கம்பெனியா? தகர டப்பாடா இது. இவன் மொதக் காரு வந்தப்ப வேன் ஸ்டாண்டுல நாங்க இன்னா சொல்லுவோம்? ரெண்டு பேர் உக்காரலாம், நாலு பேர் தள்ளலாம்னு சொல்லல?”

“அது அப்போ மாமா. இப்ப அதே கம்பெனில பேர் குடுத்துட்டு ஜனங்க காத்துக்கினு இருக்காங்க. பெட்ரோலும் கம்மியாதான் குடிக்குதாம். கியரே கிடையாது, தன்னால மாத்திக்குது. நீங்க ஓட்டிப் பாருங்க.”

ராஜவேலுவே குனிந்து டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளினான். “கால் நீட்டத் தோதா இருக்குதா மாமா?”

ஷோரூம்காரர் பின்னால் ஏறிக்கொண்டார். புதிதாய்ப் போட்ட நாலு வழிச் சாலையில் தாமல் ஏரி வரைக்கும் போனார்கள்.

விபத்துக்குப் பிறகு இன்றுதான் குப்புசாமி ஸ்டீரிங்கைத் தொட்டான். வலது கால் தன் பாட்டுக்கு வேலை செய்தது. இடது கால் விருந்துக்கு வந்தது போல ஓரமாய் உட்கார்ந்திருந்தது. ஏரிக்காற்று உள்ளே வந்தபோது, பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருப்பதை அவனே கவனித்து நிறுத்திக்கொண்டான்.

திரும்பி வருகையில்தான் அந்த நினைப்பு வந்தது. நாளைக்கு இது கடை வாசலுக்கு வரும். உள்ளே ராஜவேலு உட்கார்ந்திருப்பான். நான் விசில் ஊதி இடம் காட்ட வேண்டும்.

இறங்கியதும் கதவை அறைந்து சாத்தினான்.

“வேணாம்டா.”

“ஏன் மாமா, நல்லாத்தானே ஓட்டினீங்க?”

“நம்ம ஊர்ல தறியக்கூட ரெண்டு காலாலதான்டா மிதிக்கிறான். ஒரு காலு சும்மா தொங்கிக்கினு வருது, இதுக்குப் பேரு வண்டியா? ஒத்தக்கால் வண்டின்னு தெருவே சிரிக்கும். எதிர்ல பாரு, அந்த ஷோரூம்ல. எங்க மொதலாளியோட அப்பா காலத்துலேர்ந்து பேரெடுத்த கம்பெனி. கெட்டியான கியரு. ஆம்பள ஓட்டற வண்டி அதான்.”

எதிர்க் கம்பெனி வண்டியில் க்ளட்ச் கல் மாதிரி இருக்கும், பெட்ரோலும் ஆறாய் ஓடும் என்பது ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். ராஜவேலுவுக்குத்தான் தெரியாது.

அவன் தயங்கினான். “இல்ல மாமா, அதுல க்ளட்ச் மிதிக்கணுமே. உங்களுக்குக் கஷ்டமா...”

“இன்னாடா கஷ்டம்? என்னை நொண்டின்றியா?”

“ஐயோ, அப்படி இல்ல மாமா.”

“காலு எப்பவோ சரியாப் பூடுச்சு. நாள் பூரா க்ளட்ச் மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாது. கேக்கறதப் பாரு.”

“நிஜமாவா மாமா? அக்கா ஒரு வார்த்த சொல்லலியே.”

“அவளுக்கு இன்னா தெரியும்?”

ராஜவேலுவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நன்றாக மாட்டிக்கொண்டான் என்று குப்புசாமி நினைத்துக்கொண்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சின்ன காஞ்சிபுரத்தில் பிள்ளையார் கோயில் முன்னால் எதிர்க் கம்பெனி வண்டி மாலை போட்டுக்கொண்டு நின்றது. பட்டை பட்டையாய்ச் சந்தனம், நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். வயிற்றெரிச்சல் அடங்கி, எதிரியின் பந்தலில் சாப்பிட வந்தவன் போல நிதானமாய் வண்டியைச் சுற்றி வந்தான் குப்புசாமி.

பின்கண்ணாடியில் புது எழுத்து ஒட்டியிருந்தது. ‘ரேணுகா டிராவல்ஸ்.’

“இன்னாடா இது, அக்கா பேரு?”

“கோயில் பாக்க, பட்டெடுக்க வர்றவங்களுக்கு வாடகைக்கு விடப்போறேன் மாமா. முன்னாடியே சொன்னா முறுக்கிப்பீங்கன்னுதான் மூச்சு விடல.”

“நான் எதுக்குடா முறுக்கிக்கணும்?”

ரேணுகாம்பாள் கும்பிட்ட கையை இறக்கிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். பிறகு புருஷனின் இடது காலைப் பார்த்தாள்.

ராஜவேலு சாவியை இரண்டு கையாலும் நீட்டினான்.

“ஏறுங்க மாமா, நீங்கதான் இதுக்கு டிரைவர்.”